மூன்றாவது ஓலை

நற்கருணை வாங்கிவந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருதயம்மாளின் நாக்கில் அப்பத்தின் ருசி இன்னும் இருந்தது. சாமியார் அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்ததும் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். பெண்ணின் ஊர்க் கோயிலிலும் மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. பெரியநாயக்கன்பாளையத்தில் கிளமென்ட் மகள் ஜோவிதாவுக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது. இன்றைக்கு மூன்றாவது. திருநீற்றுப் புதன் வந்துவிட்டால் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தின வாரமே நாள் குறித்திருந்தார்கள். பத்திரிகைகூடக் கொடுத்தாகிவிட்டது.

சாமியார் அன்பியக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். மறைக்கல்வி வகுப்பு, சனிக்கிழமை கோயில் கூட்டும் முறை யாருடையது, எல்லாம் சொன்னார். தாளை மடித்தார். "எழுந்து நிற்போம்" என்றார்.

ஆண்கள் பக்கத்தில் கிளமென்ட் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டதும்தான் எழுந்தார். ஜோவிதா திரும்பினாள். தகப்பனைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை பின்னால் இருந்த இருதயம்மாளைத்தான் பார்த்தாள். ஸ்கூலில் வாத்தியார் தன் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டால் ஒரு பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படி.

அந்த ஓலையை நிறுத்தியது இருதயம்மாள்தான்.

*

இருதயம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் ஞானாபரணம் பம்பு உதிரிப்பாகம் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறார். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக் கிளமென்ட்டின் மனைவி, ஜோவிதாவுக்கு மூன்று வயதாகும்போது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சடை பின்னியது, சோறு ஊட்டியது, வயசுக்கு வந்தபோது ஓலைப்பாய் விரித்தது, முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்தது எல்லாம் இருதயம்மாள். "பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஜோவிதா வளர்ந்து, பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலைக்கும் போய்விட்டாள்.

கோயிலில் இருதயம்மாளுக்கு ஒரு வேலை உண்டு. பீடத்தில் அப்பத்தையும் கிண்ணத்தையும் வைக்கிற சதுரத் துணியையும், கிண்ணம் துடைக்கிற துணியையும் வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பாள். அதற்கென்று தனிப் பாத்திரம், ஒரு பித்தளைப் போசி. முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, ஆண்டவருடைய துகள் இருக்கும் என்று செம்பருத்திச் செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். பதினேழு வருஷமாக ஊற்றுகிறாள். வரிசை வீடுகள் சேர்ந்த அந்த வளவில் அவளுக்கு இருந்த மரியாதை பாதி அந்தத் துணியால் வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று காலை அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளமென்ட் வீட்டுக்குப் போனாள். பெண்ணுக்கு வந்த சேலைத் தட்டை வாங்கிக்கொள்ளத் தாய் ஸ்தானத்தில் ஒருத்தி நிற்க வேண்டும். கிளமென்ட்டின் அக்கா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவள். அவள் போய் நின்றாள். கிளமென்ட் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "இருதயக்கா, நீங்க கொஞ்சம் பந்தியப் பாத்துக்கங்க, உங்களை விட்டா ஆளில்ல" என்றார். அவர் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். இருதயம்மாள் பந்தியைப் பார்த்தாள். ரசம் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தட்டு கை மாறுவதையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தாள். அவ்வளவுதான்.

இரண்டாவது ஓலைக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, மாப்பிள்ளையின் அத்தை கருமத்தம்பட்டியிலிருந்து வந்தாள். தெருமுனையில் இட்லி மாவு விற்கும் ராசாத்தாள்தான் வழி காட்டி இருதயம்மாள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"எல்லாம் முடிஞ்ச சங்கதிதானுங்க. சும்மா ஒரு மனசு நெறைவுக்கு வந்தேன்," என்றாள் அத்தை, காப்பியை ஆற்றிக்கொண்டே. "புள்ளைய வளத்தது நீங்கதான்னு கேள்விப்பட்டனுங்க. ஆனா பாருங்க, நிச்சயத்துல உங்களப் பாத்த ஞாபகமே இல்ல."

அந்த ஒரு வார்த்தை. அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இருதயம்மாள் ஜோவிதாவைப் பற்றி ஒரு மணி நேரம் பெருமை பேசியிருப்பாள்.

"நல்ல புள்ளதானுங்க," என்றாள். பிறகு, "அந்த வலிப்புதான். மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா ஒண்ணும் பயமில்லீங்க."

அத்தையின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

நாலு வயதில், கடுங்காய்ச்சலில், ஜோவிதாவுக்கு ஒரே ஒரு தடவை கை கால் இழுத்தது. இருதயம்மாளே தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு எந்த மாத்திரையும் கிடையாது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது. உடனே ஒரு சிரிப்புச் சிரித்து மழுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, மாதா மேல ஆணை" என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

*

மூன்றாவது ஓலை வாசிக்காத அந்த ஞாயிறு மத்தியானம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. வாசிக்க வேண்டாம் என்று தங்கள் ஊர்ச் சாமியாரை விட்டு முன்தினமே சொல்லியிருந்தார்கள். வலிப்புள்ள பெண் வேண்டாம், யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். கிளமென்ட் தெருவுக்கு வந்தார். விசாரிக்க ஒருத்தி வந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ராசாத்தாளோடு நடந்து போனாள் என்றும் சொன்னார்கள்.

"நான் இருதயம் ஊட்டுலதானே கொண்டுபோய் விட்டேன், அங்க கேளுங்க," என்றாள் ராசாத்தாள், மாவுக் கரண்டியோடு.

எல்லோரும் இருதயம்மாளைப் பார்த்தார்கள்.

"ஆமா, வந்தாங்க," என்றாள் இருதயம்மாள். தன் குரல் அவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. "நம்ம புள்ளையப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன். காப்பி குடுத்து அனுப்பிச்சேன். போறப்ப ராசாத்தா கூட முக்குல நின்னு பேசிட்டிருந்தாங்க. என்ன பேசுனாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

ராசாத்தாள் வாயாடி. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவள் வாயில் இருக்கும். கோயிலுக்கு வருகிறவளும் இல்லை. பீடத்துத் துணி துவைக்கிறவள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்றால் ஆட்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்? கிளமென்ட், வாழ்க்கையில் கெட்ட வார்த்தை பேசாத மனுஷன், ராசாத்தாளைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

ராசாத்தாள் திருப்பித் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் இருதயம்மாளை மட்டும் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரிங்," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து வளவில் யாரும் அவளிடம் மாவு வாங்கவில்லை.

*

ஜோவிதா சும்மா இருக்கவில்லை. எனக்கு நோவில்லை என்று டாக்டர் கையெழுத்தோடு காட்டுகிறேன் என்று தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். சாயங்காலம் நேராக இருதயம்மாளிடம் வந்து, புழக்கடைக் கல்லில் குந்தினாள்.

"பெரியம்மா, இது போகவே மாட்டேங்குது. தேச்சு விடுங்க."

முடியில் பசை காய்ந்து கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. இருதயம்மாள் சுடுதண்ணி ஊற்றி, விரலால் ஒவ்வொரு கட்டியாக நசுக்கி எடுத்தாள். பதினாறு இடம். அந்தத் தலையில் எங்கே சுழி இருக்கிறது, எங்கே சின்ன வயதுத் தழும்பு இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

"அந்த ராசாத்தாளுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன் பெரியம்மா?" என்றாள் ஜோவிதா, குனிந்தபடி. தண்ணீர் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைத்திருப்பாள்.

இருதயம்மாள் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

ரிப்போர்ட் ஒன்றுமில்லை என்று வந்தது. அதை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை.

திருநீற்றுப் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போது இருதயம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனாலும் அந்த ஞாயிறும் நற்கருணைக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். சாவான பாவத்தோடு வாங்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் வரிசையில் எழாமல் உட்கார்ந்திருந்தால், துணி துவைக்கிறவள் ஏன் போகவில்லை என்று பக்கத்திலிருப்பவள் கேட்பாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆண்டவரையே விழுங்கினாள். வீட்டில் துணியை அலசும்போது போசித் தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது. செம்பருத்தி பூத்துக்கொண்டுதான் இருந்தது. அது வாடியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. துணி உலர்த்தும்போது முணுமுணுக்கிற பாட்டு நின்றுபோனது. ஞானாபரணம் ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ பாடி ஒரு மாசமாச்சு" என்றார். "தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஊர்ச் சாமியாருக்கு அவள் குரல் தெரியும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, பாவசங்கீர்த்தனம் செய்ய, டவுனில் தன்னை யாருக்கும் தெரியாத கோயிலுக்குப் பஸ் ஏறினாள். பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் வயசான சாமியார், இருமல்காரர்.

"பொய் சொல்லி ஒரு பொண்ணு பேரைக் கெடுத்துப்போட்டேனுங்க சாமி. அதுக்கு இன்னொருத்தி மேல பழியும் போட்டுட்டேன்."

"யார்கிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்டப் போய், அது பொய்யின்னு சொல்லிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க."

"சொல்லுவீங்களா?"

அந்தப்பக்கம் இருமல் வந்து ஓய்ந்தது.

"திருடுன பொருளை ஊட்டுல வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்க முடியாதும்மா. பேரும் அப்படித்தான், திருப்பிக் குடுக்கணும். சொல்றேன்னு மனசார ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மன்னிப்புத் தாரேன்."

ஜோவிதாவின் முகம் அவள் கண்முன் வந்தது. ஈரத் தலையோடு நிமிர்ந்து பார்த்த முகம். அதைத் தொலைத்துவிட்டு மோட்சத்துக்குப் போய் என்ன செய்வது?

"யோசிச்சுட்டு வாரேனுங்க," என்றாள், துணிக்கடையில் சொல்வதுபோல. எழுந்து வந்துவிட்டாள். காந்திபுரம் பஸ் நிலையத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினாள். டயருக்கு அடியில் போய்விட்டால் என்ன என்று அன்றைக்கு இரண்டு தடவை தோன்றியது. அதை அவள் பிற்பாடு ஞானாபரணத்திடம் மட்டும் சொன்னாள்.

*

குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், ஜோவிதா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு நாள் பார்த்த இருதயம்மாள், "வண்டிக்கு என்ன கண்ணு?" என்றாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." ஜோவிதா செருப்பைப் பார்த்தாள். "ஓட்டறப்ப வந்துட்டா?"

"என்ன வந்துட்டா?"

"அதுதான். டெஸ்ட் எடுக்கற நேரத்துல வராம இருந்திருக்கலாம், பெரியம்மா. என்னை நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னதுன்னு மாப்பிள்ளை ஊட்டுல அன்னிக்கே போன்ல அடிச்சுச் சொன்னாங்க. தூக்கத்துல வந்தா எனக்கெப்படித் தெரியும்?" கைப்பையின் வாரை இழுத்துவிட்டாள். "நீங்க என்கூடப் படுத்துக்கறீங்களா? ஒரு வாரம். நீங்க பாத்துச் சொன்னா நம்புவேன்."

இருதயம்மாள் சொன்ன பொய்யை இந்தப் பிள்ளையும் நம்ப ஆரம்பித்துவிட்டது. தன் உடம்பையே சந்தேகப்படுகிறது. காவலுக்குக் கூப்பிடுவதும் அவளையேதான்.

அன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. "சரி கண்ணு" என்றாள். ஆனால் ஜோவிதா தெருமுனை திரும்பியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, கருமத்தம்பட்டிக்குப் புறப்பட்டாள்.

மாப்பிள்ளையின் அத்தை வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். இருதயம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். வலிப்பு இல்லை. மாத்திரை இல்லை. நாலு வயசுல ஜுரத்துல ஒரே தடவை. நான் பொய் சொன்னேன்.

அத்தை வடகத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"பையனுக்கு வேற எடம் பேசியாச்சுங்க," என்றாள் கடைசியில். "பாஸ்கா முடிஞ்சதும் ஓலை. இனி என்ன பண்ண?" பிறகு, காக்கையை விரட்டிவிட்டுக் கேட்டாள்: "எதுக்குங்க அம்மணி அப்புடிச் சொன்னீங்க?"

"தட்டு வாங்க என்னயக் கூப்பிடல," என்றாள் இருதயம்மாள். வெளியில் சொல்லிக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போய், புருஷனை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். ஞானாபரணம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கூட வாரேன்," என்றார். "ஆனா உனக்காக நான் பேச மாட்டேன்."

சாயங்காலம் ஆறு மணி. இருதயம்மாள் முதலில் ராசாத்தாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "கிளமென்ட்டு ஊடு வரைக்கும் ஒரு எட்டு வாங்க" என்றாள். ராசாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கிளமென்ட் ராசாத்தாளைக் கண்டதும் எழுந்தார். "உக்காரு தம்பி," என்றாள் இருதயம்மாள். "அவுங்க ஒண்ணும் பண்ணல. சொன்னது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. அழுதால் ஜோவிதா வந்து கண்ணைத் துடைத்துவிடுவாள் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஜோவிதா கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பசைய நீங்கதானே கழுவி விட்டீங்க," என்றாள். சத்தம் போடவில்லை. "ராசாத்தாள நான் திட்டறப்ப, தண்ணி ஊத்திட்டே இருந்தீங்க."

"ஆமா கண்ணு."

"கண்ணுன்னு சொல்லாதீங்க."

உள்ளே போய்விட்டாள். கிளமென்ட் வாசலைக் காட்டினார். "போங்கக்கா," என்றார். "எதாவது சொல்லிப்போடுவேன், போங்க."

தெருவில் ராசாத்தாள் கூடவே நடந்தாள். வீடு வந்ததும் நின்றாள்.

"ரெண்டு மாசமா எங்கூட்டுல மூணு வேளையும் இட்லிதானுங்க. அரைச்ச மாவ என்ன பண்றது? எம்பட ஊட்டுக்காரரு இட்லியப் பாத்தாலே எந்திரிச்சு ஓடறாரு." சிரிக்காமல்தான் சொன்னாள். "உங்கள மன்னிக்கறதுக்கு எனக்கு நாளாகும், இருதயம். மாவு வேணும்னா காத்தால வாங்க. உங்களுக்குன்னு எடுத்து வைக்க மாட்டேன்."

*

பெரிய வியாழனுக்கு முந்தின நாள், இருதயம்மாள் ஊர்க் கோயிலிலேயே முழங்காலில் நின்றாள். தன் குரலைத் தெரிந்த சாமியாரிடமே எல்லாவற்றையும் சொன்னாள். தெரிந்துகொண்டு நற்கருணை வாங்கிய ஞாயிறுகளையும் எண்ணிச் சொன்னாள். இனிமேல் பீடத் துணியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"அது அப்புறம்," என்றார் அவர். அபராதமாக அவர் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. ராசாத்தாளின் பெயர் எந்தெந்த வீட்டில் கெட்டதோ அந்தந்த வீட்டு வாசலில் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார். பிறகு மன்னிப்பின் வார்த்தைகளைச் சொன்னார். பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தைகள்தான். இருதயம்மாளுக்கு உடம்பு லேசாகவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இத்தனை வாரத்தில் முதல் தடவையாக வயிறு பசித்தது. வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிழிந்து, மோர் ஊற்றி, இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

வளவில் பத்தொன்பது வீடு. இரண்டு நாள் ஆனது. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்காமல் ஜன்னல் வழியாகவே கேட்டுக்கொண்டார்கள். பதினோராவது வீட்டுக்காரி, "சாமி துணி தொவைக்கற கையா இது" என்றாள். "ஆமாங்க, இந்தக் கைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். புனித வெள்ளிச் சிலுவைப்பாதையில் எல்லோரும் அவளை விட்டு ஒரு முழம் தள்ளியே நடந்தார்கள். ஞானாபரணம் மட்டும் பக்கத்தில் நடந்தார்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறு காலைப் பூசைக்கு அவள் கடைசி வரிசையில் நின்றாள். கல்யாணத்துக்கு வந்ததுபோல எல்லாரும் புதுத்துணியில் இருந்தார்கள். கிளமென்ட்டும் மகளும் பிந்தி வந்தார்கள். முன்னால் இடமில்லை. ஜோவிதா வந்து நின்ற இடம் இருதயம்மாளுக்கு நேர் முன் வரிசை. மறுபடி ஓட்டிவந்த ஸ்கூட்டரின் சாவி அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. இருதயம்மாள் பூசை முழுக்க அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. இடது பக்கம், வலது பக்கம், பிறகு பின்னால் திரும்பிக் கை கூப்புவது வழக்கம். ஜோவிதா இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். கொஞ்சம் நின்றாள். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். இருதயம்மாளின் கைகள் கூப்பியபடி காத்திருந்தன. திரும்பாவிட்டாலும் கீழே இறக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ஜோவிதா திரும்பினாள். கை கூப்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, பார்வை சேலைக் கரையில் நின்றது.

"சமாதானம்," என்றாள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"சமாதானம்," என்றாள் இருதயம்மாள். கண்ணு என்று சேர்க்கவில்லை.

ஜோவிதா பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நற்கருணைக்கு வரிசை எழுந்தது. இருதயம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பிள்ளைக்குப் பின்னால், ஓர் ஆள் இடைவெளி விட்டு நடந்தாள்.